ஒரே ரத்தம், ஆறு லேப்

எய்யா சங்கர்,

உன் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரமெல்லாம் கடைக்குத் திரும்பிப் போய்விட்டது. வாசலில் கட்டிய வாழைமரத்தை அவிழ்க்க மட்டும் உன் அப்பாவுக்கு மனம் வரவில்லை. இலையெல்லாம் பழுத்துத் தொங்குகிறது, கேட்டால் "இன்னும் ரெண்டு நாள் நிக்கட்டுமே, ஒன்ன என்ன செய்யுது?" என்கிறார். நீயும் வினோதினியும் இல்லாத வீடு கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் எனக்கு வருத்தமில்லை. கல்யாணத்தை நினைத்தாலே சிரிப்பு வந்துவிடுகிறது. வேலைக்கு நடுவில் சிரிக்கிறேனாம், லேப்பில் எனக்கு உதவியாக இருக்கும் முத்துலட்சுமி "அக்கா, என்ன ஆச்சு ஒங்களுக்கு?" என்று கேட்கிறாள்.

ரயில் நிலையத்தில் நீ சொன்னதற்கு நான் பதில் சொல்லவே இல்லை. சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது, நீ பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாய். சென்னையில் உங்கள் கட்டடப் பொறியாளர் சங்கத்தில் உன்னைச் செயற்குழுவுக்கு வரச் சொல்கிறார்கள், புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் பொறுப்பைக் கொடுக்கிறார்கள் என்றாய். "ஞாயித்துக்கிழமையெல்லாம் அதுலயே போயிரும்மா. சம்பளமும் கிடையாது. நான் இப்ப வேலையில முன்னேறுத வழியத்தான பாக்கணும்?" என்றாய். நீ கேட்டதில் தப்பே இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதையே கேட்டேன். அதற்கு எனக்குக் கிடைத்த பதில் ஒரு வாக்கியமில்லை, ஒரு வாழ்க்கையாகவே இருந்தது. அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி. வினோதினிக்கும் படித்துக் காட்டு, கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறியவர்களில் பாதிப்பேர் யாரென்று அவளுக்கும் தெரியட்டும்.

நான் இந்த ஊரில் லேப் திறந்தபோது நீ முதல் வகுப்பு. திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அப்பாவுக்கு இங்கே மாற்றல் கிடைத்ததும் கூடவே வந்து, ராஜபாளையம் ரோட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு அறை பிடித்து, போர்டு மாட்டி உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஒரு சந்தேகம் என்றால் பக்கத்து மேஜையில் கேட்கலாம். இங்கே பக்கத்து மேஜையே கிடையாது. ஊசி, டியூப், மைக்ரோஸ்கோப், நான். புது மெஷின் வாங்கினால் கம்பெனி ஆள் ஒருநாள் வந்து சொல்லிக் கொடுத்துவிட்டு மதிய பஸ்ஸில் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு அது கூவினாலும் முனகினாலும் என் பாடு. ரிசல்ட் ஏதாவது புதிராக வந்தால் எனக்குள்ளேயே வைத்துக் குமைவேன். எதிர்ச்சாரியில் செல்லத்துரையின் லேப் இருந்தது, என்னுடையதைவிடப் பெரிய போர்டு. அவரும் நானும் தினமும் ஒரே நேரத்தில் ஷட்டரைத் தூக்குவோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம். ஊரில் மொத்தம் ஆறு லேப். ஆறு பேரும் ஒரே படிப்பு படித்தவர்கள், ஒரே வேலை செய்தவர்கள், பேசிக்கொண்டதே இல்லை.

அப்படி இருந்தபோதுதான் ஒருநாள் பீர் பாய் என் லேப்புக்குள் வந்தார். கடையநல்லூர்க்காரர், பஸ் நிலையத்துக்குப் பின்னால் லேப் வைத்திருந்தவர், எங்களில் மூத்தவர். ரத்தம் கொடுக்க வந்த ஆள் என்று நினைத்து நான் நாற்காலியைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, "ஊசியெல்லாம் வேண்டாம் தங்கச்சி. நானும் உங்க தொழில்தான். லேப் டெக்னீஷியன் சங்கத்துக்கு நம்ம ஊர்ல ஒரு கிளை ஆரம்பிச்சிருக்கோம். ஞாயித்துக்கிழம கூட்டம், வந்துட்டுப் போங்க" என்றார்.

"எனக்கு எங்க பாய் நேரம்? அதுல சேந்து என்ன கெடைக்கப் போவுது?" என்றேன்.

"ஒரு டீயும் வடையும் நிச்சயம் உண்டு. மத்தத அல்லாஹ் குடுப்பான்" என்றார்.

அந்தப் பதிலுக்காகவே போனேன் என்று வைத்துக்கொள். பள்ளிக்கூடம் ஒன்றின் வகுப்பறையில் கூட்டம். போய்ப் பார்த்தால் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஆம்பிளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், பெண்பிள்ளை நான் ஒருத்தி. சங்கத்துக்கு ரப்பர் ஸ்டாம்பு வட்டமாகச் செய்வதா, நீளமாகச் செய்வதா என்று முக்கால்வாசி நேரம் சண்டை. எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "வந்ததுக்கு யாராவது ஒரு விஷயம் படிச்சிட்டு வந்து சொன்னா என்ன? ரத்தத்த ஸ்லைடுல போட்டு செல்லு எண்ணுதோம்லா, அதுலயே எனக்கு ஆயிரம் சந்தேகம் இருக்கு" என்றேன்.  பிறகு பாய் மெதுவாக, "நல்ல யோசனை. அடுத்த மாசம் நீங்களே சொல்லுங்க தங்கச்சி" என்றார். எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். சங்கத்தில் எது வேண்டும் என்று கேட்கிறவர் தலையிலேயே அந்த வேலையைக் கட்டிவிடுவார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு உனக்கு லேசாக நினைவிருக்கலாம். படித்து முடித்த பிறகு தொடாத புத்தகங்களைத் தேடி எடுத்தேன். திருநெல்வேலியில் எனக்குப் பாடம் எடுத்த டீச்சருக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேட்டேன். சமையலறையில் நின்று அப்பாவையும் உன்னையும் ஸ்டூலில் உட்காரவைத்துப் பேசிப் பார்த்தேன். அப்பா கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார். நீ மட்டும், "யம்மா, நீ எங்கள பாக்கவே மாட்டுக்க, செவுத்தப் பாத்தே பேசுத" என்றாய். கூட்டத்தில் அதை நினைத்து முகங்களைப் பார்த்துப் பேசினேன். ஒருவழியாகப் பேசி முடித்துவிட்டேன். இரண்டு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. "தெரியல, கேட்டுட்டு அடுத்த தடவ சொல்லுதேன்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. செல்லத்துரை அன்றைக்குத்தான் முதல்முறையாக என்னிடம் பேசினார். "மைனி, அந்த ஸ்லைடு சாயம் பத்திச் சொன்னியள்லா, அத எனக்கு எழுதித் தருவியளா?" அப்பாவை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர், அந்த முறையில் நான் அவருக்கு மைனி ஆகிவிட்டேன். அடுத்த நாள் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது இரண்டு பேரும் தலையசைத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கடிதத்தின் முக்கியமான பகுதி. பனவடலிசத்திரத்திலிருந்து பரமசிவம் என்று ஒருவர் மஞ்சள்காமாலையோடு வந்திருந்தார். டாக்டர் கல்லீரல் சோதனை எழுதிக் கொடுக்க, முதலில் பாய் லேப்பில் பார்த்தார். டாக்டர் இன்னொரு தடவை பார்க்கச் சொல்ல, அதே நாளில் என்னிடம் வந்தார். பாய் கொடுத்த ரிப்போர்ட்டில் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, என்னுடையதில் கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது. டாக்டர் இரண்டு தாளையும் மேஜையில் போட்டு, "இதுல எத நம்பி நான் மருந்து எழுத?" என்று சத்தம் போட்டிருக்கிறார். பரமசிவம் நேராக ரோட்டுக்கு வந்து, என் லேப் வாசலில் நின்று, "ஒரே கையி, ஒரே ரத்தம்! ஒரு சீட்டு நான் சாகப் போறேங்கு, ஒரு சீட்டு எனக்கு ஒண்ணுமே இல்லங்கு! எந்தச் சீட்டுதான் நெசம்? யாராவது சொல்லுங்களேன்" என்று கேட்டார். பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் கூடைகளோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் கோபத்தில் கேட்கவில்லை, பயத்தில் கேட்டார். அது எனக்குத் தெரிந்தது. அதனால்தான் இன்னும் வலித்தது. மெஷினைத் துடைத்து, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அதே அளவுதான் வந்தது.

அந்த மாதக் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். ஒரே ஆளுடைய ரத்தத்தை ஆறு பங்காகப் பிரிப்போம், ஒரே நேரத்தில் ஆறு லேப்பிலும் ஓட்டுவோம், வருகிற அளவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்றேன்.  எல்லாருக்கும் ஒரே பயம். நம்ம லேப்தான் தப்பு என்று வந்துவிட்டால்? ஊருக்குத் தெரிந்தால் யார் வருவார்கள்? எனக்கு மட்டும் அந்தப் பயம் இல்லையா? எல்லாரையும்விட எனக்குத்தான் அதிகம். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கூட்டத்துல கேட்டா இப்படித்தான். ஒவ்வொருத்தரா அவங்க எடத்துல போய்ப் பாருங்க. கேக்க மட்டும் செய்யாதிய, அவங்க சொல்லுதத கேட்டுட்டும் வாங்க" என்றார்.

போனேன். கடைசியாகத்தான் செல்லத்துரையிடம் போனேன், அதுவும் ரோட்டைக் கடக்க மூன்று நாள் யோசித்து. அவர் புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருந்தார், சந்தனம் குங்குமம் வைத்துப் பளபளவென்று இருந்தது.

"மைனி, எம் மெஷினு புத்தம் புதுசு. நான் எதுக்கு மத்தவங்க கூட வச்சிப் பாக்கணும்?"

"புதுசுதான். சரியாத்தான் இருக்கும்னு நானும் நெனைக்கேன். ஆனா நெனைக்கேன்னுதான சொல்ல முடியுது, தெரியும்னு சொல்ல முடியலயே. ஒங்களுக்கு முடியுதா?"

அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பேர் வெளிய வருமா?"

"வராது. ஆறு சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவோம். ஒங்க நம்பர் ஒங்களுக்கு மட்டுந்தான் தெரியும். வேணும்னா நீங்களே சொல்லிக்கிடலாம், வேண்டாம்னா வாயத் தொறக்காதிய."

நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார். பிறகு, "போன வாரம் எங்க மாமியாருக்குப் பாத்தேன். கல்லீரலு நல்லா இருக்குன்னு வந்திச்சு. ஆனா ஆளப் பாத்தா எனக்கு அப்படித் தோணல. யார்கிட்ட கேக்கதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டு இருந்தேன். வாரேன் மைனி" என்றார். அவர் இவ்வளவு நாளும் என்னைப் போலவே தனியாக இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கமும் பக்கத்து மேஜை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கல்லீரல் சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் பரமசிவமே வந்தார். பாய் அவர் வீட்டுக்கே போய்ப் பேசியிருந்தார். "அன்னிக்கி ரோட்டுல கத்திட்டேன், மனசுல வச்சுக்கிடாதிய தாயி. ரெண்டு டியூப்பு வேணும்னாலும் எடுத்துக்கோங்க, நெசம் தெரிஞ்சாச் சரி" என்று கையை நீட்டினார். சர்க்கரை பார்ப்பதற்கு ஒரு ஆள் வேண்டும். உன் அப்பாவை வெறும் வயிற்றோடு பிடித்து உட்காரவைத்தேன். "எனக்கு ஒரு சீக்கும் கெடயாது, எங்கிட்ட எதுக்கு?" என்று முனகினார். சீக்கு இல்லாதவர்தானே வேண்டும் என்று சொல்லிக் குத்திவிட்டேன். இரண்டு பேர் ரத்தத்தையும் மெஷினில் சுழற்றித் தெளியவைத்து, தனித்தனியாக ஆறு பங்காகப் பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்தேன். அதை லேப் லேப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்ததும் உன் அப்பாதான். ஸ்கூட்டரை மிதித்துக்கொண்டே, "ஊர்ல அவனவன் பால் ஊத்துதான், பேப்பர் போடுதான். நான் எம் ரத்தத்த நானே வீடு வீடாக் கொண்டு போய்க் குடுக்கேன்" என்றார். தெருவே சிரித்தது.

சாயங்காலம் வகுப்பறையில் கூடினோம். பாய் கரும்பலகையில் ஒன்று முதல் ஆறு வரை எழுதி, ஒவ்வொரு லேப்பும் நம்பர் மட்டும் போட்டு எழுதித் தந்த சீட்டுகளைப் பிரித்து அளவுகளைப் போட்டார். முதலில் சர்க்கரை. ஆறும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. எல்லாரும் மூச்சு விட்டோம். எனக்கு மட்டும் விட்ட மூச்சு பாதியில் நின்றது. ஆறு லேப்பும் ஒரே குரலில் சொல்கிறது, உன் அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது! பின்பெஞ்சில் உட்கார்ந்து மைசூர்பாகு தின்றுகொண்டிருந்தவரை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பாய் எழுந்து போய், "அண்ணாச்சி, ஆறு சாட்சி இருக்கு, அப்பீலே கெடயாது" என்று கையில் இருந்த துண்டை வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார். இன்றுவரை அப்பா நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார் என்றால், சீக்கிரமே கண்டுபிடித்து அன்றிலிருந்தே கட்டுக்குள் வைத்ததுதான் காரணம். நம் வீட்டுக்குச் சங்கம் செய்த முதல் நன்மை அது. ஆனால் அவர் அதை நன்மைக் கணக்கில் சேர்க்க மாட்டார்.

அடுத்து கல்லீரல். மூன்று லேப்பில் உயரமாக, மூன்று லேப்பில் மட்டாக. பரமசிவத்தின் கண் இன்னும் மஞ்சளாகவே இருந்தது, மட்டான அளவுதான் தப்பு என்று எல்லாருக்கும் தெரிந்தது. நான் கையில் மடித்து வைத்திருந்த சீட்டில் மூன்று என்று இருந்தது. பலகையில் மூன்றுக்கு நேரே மட்டான அளவு. யாருக்கும் தெரியாது, நான் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அப்படித்தானே பேசியிருந்தோம். தானாக எழுந்து நின்றேன். "மூணு என் லேப்பு" என்றேன். சத்தமே வராது என்று நினைத்தேன், நன்றாகவே கேட்டது.  பிறகு பெஞ்ச் கிரீச்சிட்டது. செல்லத்துரை எழுந்து நின்றார். "அஞ்சு நம்முது" என்றார், தன் புது மெஷினுக்காக முகம் சுருங்க. ஜன்னல் ஓரத்தில் இருந்த இன்னொருவரும் கையைத் தூக்கினார்.

பாய் சாக்பீஸைக் கீழே வைக்காமல் யோசித்தார். "மூணு மெஷினும் வேற வேற கம்பெனி. மூணும் ஒரே மாரி தப்புச் சொல்லுதுன்னா, மெஷினு மேல குத்தமில்ல. சோதன மருந்த மூணு பேரும் எங்கன வாங்குதிய?"

ரத்தத்தோடு கலந்து சோதிக்கிற அந்த மருந்தை மூன்று பேரும் ஒரே ஆளிடம் வாங்குகிறோம். பெட்டி பஸ்ஸில் வருகிறது. சர்க்கரைச் சோதனை மருந்து கொஞ்சம் சூட்டைத் தாங்கும்; குளிரிலேயே இருக்க வேண்டிய கல்லீரல் மருந்து, உச்சி வெயிலில் பஸ்ஸின் பின்கட்டில் கிடந்து, பார்சல் அறையின் தகரக் கூரைக்குக் கீழே காத்துக்கிடந்து, சாயங்காலம்தான் எங்கள் ஃபிரிட்ஜுக்கு வந்து சேர்கிறது. வெந்துபோன மருந்தை வைத்துக்கொண்டு நாங்கள் ஆளாளுக்கு மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்! யார் மேலும் குற்றமில்லை என்று தெரிந்ததும் அந்த அறையில் வந்த சிரிப்பை நீ கேட்டிருக்க வேண்டும். செல்லத்துரை தன் மாமியாருக்கு அன்றைக்கே பாய் லேப்பில் பார்த்தார். கல்லீரலில் கோளாறு இருந்தது, நல்லவேளையாக மருந்தில் சரியாகிற அளவில்தான் இருந்தது. பரமசிவத்துக்கு டாக்டர் சரியான வைத்தியம் தொடங்கினார், அவர் தேறி வந்து எங்கள் ஆறு பேருக்கும் ஒரு குலை பழம் கொடுத்துவிட்டுப் போனார். மருந்து அனுப்புகிற ஆளிடம் முன்பு நான் தனியாக ஏதாவது சொன்னால் "பாக்கேம்மா" என்று போனை வைத்துவிடுவார். இப்போது சங்கம் பேசியது. அடுத்த வாரத்திலிருந்து ஐஸ் பெட்டியில், விடிகாலை பஸ்ஸில் மருந்து வந்தது. அந்த ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை நாங்கள் இன்றுவரை நிறுத்தவில்லை. அதை நடத்துகிற பொறுப்பு அன்றிலிருந்து என்னிடம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். முன்னேற்றம் என்று கேட்டாய் அல்லவா? அந்த டாக்டர் அதுவரை என்னிடம் மருந்துச்சீட்டு வழியாகத்தான் பேசியிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் நேரில் லேப்புக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்ன செஞ்சீங்க, முழுசாச் சொல்லுங்க" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஒரு நோயாளி விஷயத்தில் குழப்பம் என்றால், போன் செய்து என் அபிப்பிராயம் கேட்பார். மாவட்டக் கிளை எங்கள் வேலையைக் கேள்விப்பட்டு என்னைக் கல்விப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டது. மதுரையில் மாநில மாநாட்டில் பேசக் கூப்பிட்டார்கள். நல்ல தமிழில் எழுதிக்கொண்டு போனேன். பாதியில் எழுதியது மறந்துபோய், "அன்னிக்கி எங்க வீட்டுக்காரர் மைசூர்பாகு தின்னுக்கிட்டு இருந்தாக" என்று நம் ஊர்ப் பேச்சில் இறங்கிவிட்டேன். மண்டபமே குலுங்கியது. இறங்கி வந்ததும் வேறு வேறு ஊர்க்காரர்கள் சூழ்ந்துகொண்டு, எங்கள் ஊரிலும் இதைச் செய்ய வேண்டும், எப்படித் தொடங்குவது என்று கேட்டார்கள். தென்காசி ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்கள் லேப்பை மேற்பார்வை பார்க்கக் கூப்பிட்டது அந்த மாநாட்டுக்குப் பிறகுதான். லேப் படிப்பு படிக்கிற பிள்ளைகளுக்குப் பரீட்சை நடத்தும் பொறுப்பு வந்ததும் அப்படித்தான். இதில் ஒன்றுக்கும் நான் விண்ணப்பம் போடவில்லை. நான் வேலை செய்ததைப் பார்த்தவர்கள் கூப்பிட்டார்கள். லேப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

ஆனால் அதையெல்லாம்விடப் பெரியது ஒன்று உண்டு. ஒரு ஐப்பசி மழைக்குப் பிறகு ஊரெல்லாம் காய்ச்சல். என் லேப்பில் பெஞ்ச் போதாமல் வாசல்படி வரை ஆட்கள். அப்போது பார்த்து ரத்த அணு எண்ணும் மெஷின் நின்றுவிட்டது. மதுரையிலிருந்து ஆள் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறேன், செல்லத்துரை ரோட்டைக் கடந்து வருகிறார். "மைனி, ஒரு சத்தமும் காணமேன்னு பாத்தேன். மெஷினு படுத்துட்டா? டியூப்ப எல்லாம் அந்தத் தட்டுல வச்சுக் குடுங்க, நான் ஓட்டித் தாரேன்" என்றார். அவர் லேப்பிலும் அதே கூட்டம். அவர் நினைத்திருந்தால், என் வாசலில் நிற்கிறவர்களை எல்லாம் அந்தப் பக்கம் கூப்பிட்டிருக்கலாம். இரண்டு நாளும் என் தட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. ரிப்போர்ட்டில் அவர் லேப்பில் ஓட்டியது என்று எழுதியே கொடுத்தேன். இளையரசனேந்தல் பக்கத்துச் சின்னப் பிள்ளை ஒன்றுக்குத் பிளேட்லெட் என்கிற தட்டணு ஆபத்தாகக் குறைந்திருந்தது அப்படித்தான் உடனே தெரிந்தது, டாக்டர் அப்போதே திருநெல்வேலிக்கு அனுப்பினார். பிள்ளை பிழைத்தது. தை பிறந்ததும் அவள் அம்மா ஒரு பை பாசிப்பயறோடு வந்து என் மேஜையில் வைத்தாள். "எதிர்த்த கடைக்காரருக்கும் பாதிம்மா" என்றேன். "அவருக்குத் தனியாக் குடுத்துட்டுத்தான் இங்கன வாரேன்" என்றாள். பிள்ளை அம்மா பின்னால் ஒளிந்துகொண்டு என் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தது.

சங்கம் என்றால் எல்லாம் தேன் என்று நினைத்துவிடாதே. ரப்பர் ஸ்டாம்பு சண்டை போன பிறகு யாருக்கு மாலை போடுவது என்ற சண்டை வந்தது, போட்டோவில் யார் நடுவில் நிற்பது என்ற சண்டை வந்தது. பொறுப்பை வாங்கிவிட்டுக் காணாமல் போகிறவர்கள் உண்டு. சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறவரை அதட்டி வேலை வாங்கலாம். தானாக வந்தவரை எப்படி வேலை வாங்குவாய்? அவரிடம் போய் உட்கார வேண்டும், அவருக்கு எது பிடிக்கும் என்று பார்க்க வேண்டும், செய்ததை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். பாயிடம் நான் படித்தது அதுதான். நீ நாளைக்கு ஒரு பெரிய கட்டடத்தைப் பொறுப்பெடுத்துக் கட்டும்போது, அளவும் கம்பியும் சிமெண்டும் உனக்குத் தெரிந்திருக்கும். கொத்தனாரும் எலெக்ட்ரீஷியனும் சொந்தக்காரரும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும்போது எல்லாரையும் ஒரு பக்கம் நிற்கவைக்கிறது எப்படி என்று எந்தக் காலேஜும் சொல்லித் தராது. உன் சங்கத்தில் அந்தப் பயிற்சி வகுப்பை நடத்திப் பார், வந்துவிடும். புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக நீ திரும்பப் படிப்பாயே, அந்தப் படிப்பு நிற்கும். உனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு இடம் கிடைக்கும். ஆபீஸில் அதைச் சொல்ல உனக்குத் தைரியம் வராது, எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்று. முதலில் வினோதினியிடம் கேள். ஞாயிற்றுக்கிழமை உன்னுடையது மட்டுமில்லை இப்போது. அப்பா இத்தனை வருடமும் ஞாயிறு சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டதால்தான் என்னால் போக முடிந்தது. அவர் செய்கிற உப்புமாவைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் சொல், அது இல்லாவிட்டால் நான் இல்லை. அவளுக்கும் அவள் தொழிலில் ஒரு சங்கம் இருக்கும். அவளும் போகட்டும், அன்றைக்கு உப்புமாவை நீ கிண்டு.

போய்ச் சேர்ந்ததும் பதவி எது என்று பார்க்காதே. நாற்காலி போட ஆள் இல்லையென்றால் நாற்காலி போடு. யாரும் பேசாமல் தனியாக ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் பக்கத்தில் போய் உட்கார். உன் கல்யாணத்தில் சாம்பார் வாளியோடு ஓடினாரே ஒருவர், வினோதினிகூட "யாரு அத்த அந்த மாமா, விடாம ஊத்துதாரு" என்று கேட்டாளே, அவர்தான் செல்லத்துரை. கைகழுவும் இடத்தில் நின்று பெரியவர்களைப் பிடித்து நடத்தியவர் பீர் பாய். மணமேடைக்குப் பின்னால் பூக்கூடைகளோடு நின்றது முத்துலட்சுமியும், மாவட்டக் கிளையிலிருந்து வந்திருந்த பெண்களும். மண்டபத்துக்காரர் அப்பாவிடம், "ஒங்களுக்கு இம்புட்டு ஒறவா அண்ணாச்சி?" என்று கேட்டாராம். அப்பா, "எல்லாம் எம் பொண்டாட்டி சம்பாரிச்சது" என்றிருக்கிறார்.

இதோ அப்பா வாசலிலிருந்து கூப்பிடுகிறார், "ஏட்டி, அவனுக்கு எழுதுனது போதும், மணியப் பாரு." இன்றைக்கும் எங்களுக்குக் கூட்டம். ராயகிரியில் புதிதாக லேப் திறந்திருக்கிற ஒரு பெண் முதல்முறையாக வருகிறாள், கூச்சக்காரி, நான் இல்லாவிட்டால் வாசலோடு திரும்பிவிடுவாள். வகுப்பறைச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் எழுதினேன் என்றால் அத்தனை பேரும் வெயிலில் நிற்பார்கள். மீதியை நீ உன் முதல் கூட்டம் முடிந்து போன் செய்யும்போது பேசிக்கொள்வோம்.

கிளம்புகிறேன் மக்கா.

உன் அம்மா
சங்கரன்கோவில்